மாக்ஸ் ஹவெலார்: லெபாக்கில் அந்த எருமைகளைப் பறித்தது யார்?

படுவான்கரையான்

வாசகர் வட்டத்தில் இம்முறை எடுத்துக்கொண்ட நூல் முல்டாடூலியின் 'மாக்ஸ் ஹவெலார்'. 1860இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஒல்லாந்து நாவல். நேரில் கூடினபோது பேச்சு முழுக்க நாவலுக்குள் வரும் ஜாவா ஊர்க் காதலர் சயிஜா, அடிந்தா இருவரையும் சுற்றியே போய்விட்டது. அந்தக் கதை நெஞ்சைப் பிசைகிறதுதான். ஆனால் நாவலின் உயிர் அங்கே இல்லை, கடிதங்களில் இருக்கிறது என்பது என் எண்ணம். அன்றைக்கு நேரம் போதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

வாசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எட்வர்ட் டௌவெஸ் டெக்கர் என்ற ஒல்லாந்து அதிகாரி (முல்டாடூலி இவருடைய புனைபெயர்) 1856 சனவரியில் ஜாவாவின் மேற்கே, பன்டன் பகுதியிலுள்ள லெபாக்குக்கு உதவி ரெசிடன்டாக வருகிறார். எங்கட இலங்கைக் கணக்கில் உதவி அரசாங்க அதிபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரீஜன்ட் என்றொரு சுதேசத் தலைவர் இருக்கிறார். ஊர் அடங்குவது ரீஜன்டின் பரம்பரைச் செல்வாக்குக்கு. ரீஜன்ட் அடங்குவது ஒல்லாந்தருக்கு. ரீஜன்டும் அவருடைய ஆட்களும் சனங்களைக் கூலியில்லாமல் வேலைக்கு இழுக்கிறார்கள், உழவெருமைகளை அவிழ்த்துக்கொண்டு போகிறார்கள். டெக்கர் மேலிடத்துக்கு எழுதுகிறார். வந்து மூன்று மாதத்துக்குள்ளேயே பதவியை விட்டு வெளியேற வேண்டியதாகிறது. 1859இல் பிரசல்ஸ் நகரத்தில் ஒரு மலிவு விடுதியில் கையில் காசில்லாமல் இருந்துகொண்டு, ஒரு மாதமளவில் இந்த நாவலை எழுதி முடித்தார். நாவலில் அவருடைய பெயர்தான் ஹவெலார்.

இனி கடிதங்களுக்கு வருவோம். 1856 பெப்ரவரி 24, இலக்கம் 88, இரகசியம். ரீஜன்ட் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று குற்றஞ்சாட்டுகிறேன், சனங்களிடம் பறிக்கிறார் என்றும் சந்தேகிக்கிறேன் என்று ஹவெலார் தன் மேலதிகாரியான ரெசிடன்டுக்கு எழுதுகிறான். கூடவே ஒரு வேண்டுகோள்: விசாரணை தொடங்க முன்னர் ரீஜன்டை உங்கள் இருப்பிடமான செராங்குக்கு அழைத்துக்கொள்ளுங்கள், அவர் ஊரில் இருக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கப்போவதில்லை. சாட்சிக்காரர் பயமில்லாமல் பேசக் கொஞ்ச நாள் வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

அடுத்து ரெசிடன்ட் தானே லெபாக்குக்கு வருகிறார். வந்தவர் முதலில் போனது ரீஜன்டிடம். உதவி ரெசிடன்டைப் பற்றி உமக்கு முறைப்பாடு ஏதும் உண்டா, கைச்செலவுக்குப் பணம் ஏதும் வேண்டுமா என்று விசாரிக்கிறார். அதற்குப் பிறகு ஹவெலாரிடம் வந்து, கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள் என்கிறார்.

இந்த இடத்தை வாசித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பல நாள் தொட மனம் வரவில்லை.

இன்னொன்று. ஹவெலாரின் வளவு பற்றைக்காடாகக் கிடக்கிறது. கூலியில்லாமல் ஆள் பிடித்து அதைத் துப்புரவாக்க அவனுக்கு மனமில்லை. இரவில் அந்தப் பற்றைக்குள்ளால்தான் சனங்கள் பதுங்கி வந்து அவனிடம் முறையிடுகிறார்கள். பகலில் ரீஜன்டின் முன்னால் நிறுத்திக் கேட்டால், அப்படியொன்றும் நடக்கவில்லை ஐயா என்று சொல்லிவிடுகிறார்கள். முறைப்பாடு சொன்னவர்களில் ஆற்றில் பிணமாக மிதந்தவர்களும் உண்டு என்று நாவல் சொல்கிறது.

எருமை பறிபோவது வயல்வெளியில். அது திரும்பிக் கிடைக்காமல் போவது கந்தோரில். நாவல் காட்டுவது இந்த இரண்டாவதை. அதனால்தான் கடிதங்களைத் தாண்டிப் போகாதீர்கள் என்கிறேன்.


நீலாவணை டீச்சர்

தம்பி, கடிதங்களைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் சயிஜாவின் கதையை அழுகைக் கதை என்று ஒதுக்கிவைக்க நான் விடமாட்டேன்.

அந்தக் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சயிஜாவின் தகப்பனிடம் இருந்த எருமையை பறங்-குஜங் பகுதித் தலைவன் பிடித்துக்கொண்டு போகிறான். உழவுக் காலம் வருகிறது. எருமை இல்லாவிட்டால் விதைப்பில்லை. தகப்பன் முதுசமாக வந்த கிறிஸ் கத்தியை விற்று வேறொன்று வாங்குகிறான். அதுவும் போகிறது. மனைவியின் பெற்றோர் விட்டுப்போன, நுளம்பு வலை கட்டும் இரண்டு வெள்ளிக் கொளுக்கிகளை விற்று இன்னொன்று வாங்குகிறான். அதுவும் போகிறது. இப்படி வீட்டுக்கு வந்த எருமைகளில் ஒன்று, புலி பாய்ந்தபோது சிறுவன் சயிஜாவின் மேலே அரணாக நின்று புலியைக் குத்திக் கிழித்தது. அதையும்தான் கொண்டுபோய் அறுத்தார்கள். பிறகு விற்க வீட்டில் ஒன்றுமில்லை. தாய் கவலையிலேயே செத்துப்போகிறாள். நிலவரி கட்ட வழியில்லாத தகப்பன் ஊரைவிட்டு ஓடுகிறான். அனுமதிச் சீட்டில்லாமல் வெளியூர் போனதற்காகப் பிரம்படி வாங்கி, சிறையில் சாகிறான்.

ஒரு குடும்பத்தின் முதுசம் ஒவ்வொன்றாக எப்படிக் கரைகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக எந்த அரச அறிக்கையிலும் நான் வாசிக்கவில்லை. கத்தி, கொளுக்கி, தாய், தகப்பன் என்று அந்த வரிசை போகிறது. இதைக் கண்ணீருக்காக எழுதினது என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் கதைக்கு முன்னால் ஆசிரியர் எந்த ஊரில் எத்தனை எருமை பறிபோனது என்று ஒரு பட்டியலையே போட்டிருக்கிறார். சயிஜா என்று ஒருவன் இருந்தானா, அடிந்தாவை நேசித்தானா என்று தனக்குத் தெரியாது, தனி ஆளின் கதையாகப் பார்த்தால் இது புனைவு, பொதுவில் உண்மை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியும் விடுகிறார்.

சயிஜா எருமை வாங்கக் காசு தேடி பதாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, போகிறான். மூன்று வருசத்தில் திரும்பி வருவேன் என்று வாக்கு. அடிந்தா மாதம் பிறக்க ஒவ்வொரு கீறலாக நெல் குற்றும் உரலில் போட்டுக்கொண்டு வருகிறாள். அவன் வந்து மரத்தடியில் காத்து நிற்கிறான், அவள் வரவில்லை. ஊருக்குள் ஓடிப் பார்த்தால் அவளுடைய வீடே இல்லை. அவர்களுடைய எருமையும் பறிபோய், குடும்பம் கடல் கடந்து சுமாத்திராவின் லம்போங்குக்குப் போய்விட்டது. பள்ளியில் ஏ.எல் (உயர்தர வகுப்பு) பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். சூடடிக்கிற காலத்தில் எருமைகளோடு வளர்ந்த தாய் தகப்பன்மாரின் பிள்ளைகள். விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு பிள்ளை மட்டும் கேட்டாள்: "ஏன் டீச்சர், அவங்க ஒருத்தரும் போய்ச் சொல்லல்லியா?"

அந்தக் கேள்விக்கு உங்கள் கடிதங்கள் பதில் சொல்கின்றன, தம்பி. ஆனால் கேள்வியை எழுப்பினது அடிந்தாவின் உரல்.


சம்மாந்துறையான்

டீச்சருக்கும் தம்பிக்கும் வாழ்த்துகள். எனக்கு இரண்டு பேரோடும் பேச ஒன்று இருக்கிறது: ரீஜன்ட்.

நாவலை மேலோட்டமாக வாசித்தால் கெட்டவர் ரீஜன்ட், நல்லவர் ஒல்லாந்து அதிகாரி என்று முடிந்துவிடும். அந்த வாசிப்பை நான் ஏற்கமாட்டேன். ரீஜன்ட் யார்? பன்டன் ஒரு காலத்தில் பேர்பெற்ற முஸ்லிம் சுல்தானகம். மிளகு வியாபாரத்தில் உலகம் அறிந்த துறைமுகம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தானகத்தை ஒழித்துவிட்டார்கள். மிஞ்சின பிரபுக்களை ஒல்லாந்தர் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். சம்பளம் போதாது. ஆனால் பெருமை குறையக்கூடாது. நூற்றுக்கணக்கான உறவுக்காரர், பரிவாரம், பள்ளிவாசல், வருகிற விருந்தாளி எல்லாவற்றையும் தாங்க வேண்டும். நாவலில் சியாஞ்சூர் ரீஜன்ட் பெரிய பரிவாரத்தோடு உறவு கொண்டாட வரப்போகிறார் என்றதும் சனங்களைக் கூட்டிப் பள்ளிவாசல் முற்றத்துப் புல்லை வெட்ட வைக்கிற இடம் இருக்கிறதே, அங்கே எல்லாம் தெரிகிறது. அந்தப் பெருமை இருந்தால்தான் சனங்கள் ரீஜன்டுக்குப் பணிவார்கள். சனங்கள் அவருக்குப் பணிந்தால்தான் ஒல்லாந்தருக்கு ஆட்சி செலவில்லாமல் நடக்கும். ஆக, பறிக்கச் சொல்லி ஒருவரும் கட்டளை போடவில்லை. பறிக்காமல் இருக்க முடியாதபடி சம்பளத்தை வைத்தார்கள்.

ஜாவா முழுக்க 1830இலிருந்து ஆளுநர் வான் டென் பொஸ் கொண்டுவந்த பயிர்ச்செய்கை முறை நடந்தது. ஊர் நிலத்தில் ஐந்திலொரு பங்கு அரசு சொல்லுகிற கோப்பி, கரும்பு, அவுரிக்கு. வருகிற விளைச்சலில் சுதேசத் தலைவருக்கும் ஒல்லாந்து அதிகாரிக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று தரகு. இரண்டு பேரும் ஒரே கணக்கில் காசு வாங்கினவர்கள். 1850களில் ஒல்லாந்து அரசின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இப்படி வந்தது. லெபாக் வறிய பக்கம், பெரிய கோப்பி வருமானம் இல்லை. ஆனால் ஆட்சி முறை அதேதான்.

எங்கட பக்கத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட மூத்தவாப்பா ஒரு போடியாரின், அதாவது பெரிய வயற்சொந்தக்காரரின், வயலில் செய்கைக்காரர். விதைநெல் போடியார் கொடுப்பார். மாரி மழைக்குள் வீட்டில் அரிசி முடிந்தால் அதற்கும் நெல் கடன் கொடுப்பார். சூடடித்துப் பொலி தூற்றி முடிந்ததும், களவெட்டியிலேயே முதலில் விதைநெல் கழியும், பிறகு கடன் நெல் மேலதிகத்தோடு கழியும், பிறகு போடியாருக்காக வயலை மேற்பார்க்கிற முல்லைக்காரனின் பங்கு. மிஞ்சினதைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவாராம். பல வருசம் அந்தச் சாக்கு அடுத்த மாரி வரைக்கும் காணாது என்று உம்மா சொல்லுவா. போடியார் கெட்டவர் இல்லை என்றும் உம்மா சொல்லுவா. நோன்புப் பெருநாளுக்குப் புடவை கொடுத்தவர், ஊர்ப் பிணக்கைத் தீர்த்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் வன்னியனார், விதானைமார் என்ற ஊர்த் தலைமை உத்தியோகத்தர் எல்லாம் அந்தக் குடும்பங்களிலிருந்துதான் வந்தார்கள். முறைப்பாடு சொல்ல விதானையிடம் போனால், அவர் போடியாரின் மருமகன்.

ஹவெலார் விளங்கிக்கொள்ளாதது இதைத்தான் என்பது என் கருத்து. ஒரு ரீஜன்டை விலக்கினால் தீர்ந்துவிடும் என்று அவன் நம்பினான்.


வந்தாறுமூலை மாணவன்

சம்மாந்துறைக் காக்கா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு ஹவெலாரைக் கொண்டாடுவதே பிடிக்கவில்லை.

அவன் கேட்பது என்ன? நல்ல ஒல்லாந்து ஆட்சி. லெபாக் தலைவர்களைக் கூட்டி அவன் பேசுகிற பேச்சு அழகானது, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ஊர் ஆட்கள் ஏன் போகோருக்கும் பதாவியாவுக்கும் லம்போங்குக்கும் பிழைப்புத் தேடிப் போகிறார்கள், உங்கள் எருமைகள் ஏன் குறைகின்றன என்று கேட்கிறான். ஆனால் உங்கள் நாட்டில் எங்களுக்கு என்ன வேலை என்று ஒருமுறையாவது கேட்கிறானா? கடைசியில் எழுத்தாளரே மேடைக்கு வந்து மூன்றாம் வில்லியம் அரசனைப் பார்த்து, உன் பெயரால் 3 கோடிக்கு மேற்பட்ட குடிகள் வதைக்கப்படுவது உன் விருப்பமா என்று கேட்கிறார். அரசனிடம் நீதி கேட்கிறவர் அரசனை ஏற்றுக்கொண்டவர்தானே?

சீர்திருத்தம் வந்ததும் என்ன நடந்தது? 1870இல் நிலச்சட்டம் வந்தது. அரசின் கட்டாயப் பயிர்ச்செய்கை படிப்படியாகப் போனது. அந்த இடத்துக்குத் தனியார் தோட்டக் கொம்பனிகள் வந்தன, நீண்ட காலக் குத்தகைக்கு நிலத்தை எடுத்தன. பன்டனில் 1888இல் உழவர்களும் உலமாக்களும் சேர்ந்து கிளர்ந்தார்கள். நாவல் வந்து 28 வருசத்துக்குப் பிறகு, அதே மண்ணில். அந்தக் கிளர்ச்சிக்காரர் எந்த ஹவெலாருக்காகவும் காத்திருக்கவில்லை.

எங்கள் நாட்டிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் ஊல்ஃப், பதவியை விட்டபின் 1913இல் காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதினார். அதிலும் காடு வெட்டிச் செய்கிற சேனைப் பயிருக்கு அனுமதிச் சீட்டு, கடன், ஊர்த் தலைவனின் கையில் ஏழைக் குடும்பம். அவர் எழுதினதில் ஒரு வேறுபாடு உண்டு: தன்னை நாயகனாக்கவில்லை. வெள்ளைக்கார நீதவான் நல்ல மனுசன், ஆனாலும் அவனுக்கு முன்னால் நடப்பது அவனுக்கு விளங்கவில்லை. ஒரு குடியேற்ற அதிகாரி எழுதக்கூடிய நேர்மையான நாவல் அதுதான் என்று நினைக்கிறேன்.


பழைய கச்சேரி

பிள்ளைகள் எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பு புளியந்தீவுக் கோட்டைக்குள் கச்சேரி, அதாவது அரசாங்க அதிபரின் கந்தோர், நடந்த காலத்தில் அங்கே எழுதுவினைஞராக இருந்தவன். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த அதே கோட்டை. அதற்கு முன்னமே, 1602இல், ஸ்பில்பெர்கன் என்ற ஒல்லாந்துத் தளபதி கப்பலில் வந்து இறங்கினதும் மட்டக்களப்பில்தான். கண்டியரசனோடு 1766இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தக் கரையின் நெல் வருமானமும் ஒல்லாந்தர் கைக்கே போனது. அந்த ஆட்சியின் நெல்லுக் கணக்கு எழுதப்பட்ட சுவர்களுக்குள் இருந்து வேலை செய்தவன் என்பதால், இந்த நாவல் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

கடிதங்களைப் பற்றித் தம்பி எழுதினதற்கு ஓர் உள்வீட்டு விளக்கம் தருகிறேன். ஒருவர் பெட்டிசம் எழுதுகிறார். இன்ன ஊர் இன்ன உத்தியோகத்தர் எனக்கு அநியாயம் செய்தார் என்று. பெட்டிசம் வந்ததும் பதிவு செய்வோம், பைலில் போடுவோம். மேசைக்கு மேசை போகும். பெரியவர் ஓரத்தில் ஒரு வரி எழுதுவார்: "அறிக்கைக்காக." யாரிடம் அறிக்கை? எந்த உத்தியோகத்தரைப் பற்றி முறைப்பாடு வந்ததோ, அவருக்கு மேலே இருக்கிறவரிடம். அவர் தன் கீழே அனுப்புவார். அது இறங்கி இறங்கிக் கடைசியில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் மேசையிலேயே வந்து நிற்கும். அவர் பெட்டிசக்காரனின் பெயர், ஊர், கையெழுத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அறிக்கை எழுதுவார். அது மேலே ஏறி வரும். பைல் மூடப்படும். இதில் எந்த இடத்திலும் சட்டம் மீறப்படவில்லை. நான் வேலை செய்த ஒரு கந்தோரில், தன் காணித் துண்டுக்காகப் பெட்டிசம் போட்ட ஒரு விதவைப் பெண், அந்தப் பெட்டிசத்தின் பிரதியைத் தன் ஊர் உத்தியோகத்தரின் கையில் கண்டதாக வந்து சொன்னா. முகம் வெளிறிப் போய் நின்றா. அடுத்த கிழமை வந்து, முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனா. அந்தக் கடிதத்துக்கும் நான்தான் இலக்கம் போட்டுப் பைலில் கோத்தேன்.

88ஆம் இலக்கக் கடிதத்தில் ஹவெலார் கேட்டது இந்தச் சுற்றை உடைப்பதை. முதலில் ஆளை இடத்திலிருந்து எடு, பிறகு விசாரி. வேலை தெரிந்த அதிகாரி கேட்கிற கேள்வி அது. அதனால்தான் ரெசிடன்டுக்கு அவ்வளவு பதற்றம். ரீஜன்ட் திருடினார் என்று எழுதியிருந்தால் "அறிக்கைக்காக" என்று போட்டு ஆற அமரப் பார்த்திருப்பார்.

நாவலில் பலர் தாண்டிப் போகிற ஓரிடம் இருக்கிறது. மாவட்டங்களிலிருந்து போகும் அறிக்கைகள் எல்லாம் நல்ல செய்தியாகவே இருக்கின்றன. ஜாவாவின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு ஏற்றுமதியான அரிசியை ஆசிரியர் கூட்டுகிறார். இறக்குமதியான அரிசியைக் கூட்டுகிறார். இரண்டும் சமமாக வர வேண்டும். ஏற்றுமதி கூடுதலாக நிற்கிறது. இல்லாத அரிசி கடதாசியில் விளைந்திருக்கிறது. வருசக் கடைசியில் விளைச்சல் அறிக்கை தயாரித்தவர்களுக்கு அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது கை நடுங்கும்.

மாணவத் தம்பிக்கு ஒன்று. அதிகாரியின் எழுத்தால் ஒன்றும் நடவாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே 1856இல் இங்கே ஆளுநர் ஹென்றி வோட் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்தார். இறக்காமக் குளமும் அம்பாறைக் குளமும் அந்தக் காலத்தில்தான் திருத்தப்பட்டன. வெள்ளாமை பெருகினது. ஆனால் அதே வெள்ளாமைக்கு நெல்வரியும் இருந்தது. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர், வலப்பனைப் பக்கத்தில் நெல்வரி நிலுவைக்காகக் காணி ஏலம் போய், குடியெழும்பி, பட்டினியில் செத்தவர்களைப் பற்றி எழுதி வெளியிட்டார். அரசு மறுத்தது. லண்டன் வரைக்கும் பேச்சுப் போனது. 1892இல் ஆளுநர் ஹேவ்லொக் நெல்வரியை ஒழித்தார். அதனால் மட்டக்களப்பு வயற்காரனும் ஒரு சுமை இறக்கினான். அந்த அதிகாரி எழுதாமல் இருந்திருந்தால் அந்த மரணங்கள் காய்ச்சல் என்று பதிவாகியிருக்கும்.


படுவான்கரையான்

ஐயா, அந்த விதவைப் பெண்ணின் இரண்டு கடிதங்களும் ஒரே பைலில் இருக்கும் என்ற எண்ணமே தாங்க முடியவில்லை. எழுதினதற்கு நன்றி.

சம்மாந்துறை நானா, ரீஜன்டைப் பற்றி நீங்கள் எழுதினதில் பெரும்பகுதி நாவலிலேயே இருக்கிறது. ஹவெலாருக்கு அந்த முதியவர் மேலே இரக்கம் உண்டு. முதலில் தனியாகப் பேசித்தான் பார்க்கிறான். பண நெருக்கடியில் உதவவும் முயல்கிறான். அவன் சத்தியம் செய்து ஏற்ற பதவியோ, சுதேசத் தலைவர்களின் பறிப்பிலிருந்து சனங்களைக் காக்க வேண்டும் என்பது. அந்தச் சத்தியத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவன் என்பதுதான் அவனுடைய தனித்தன்மை. மற்றவர்கள் எல்லாரும் அதை வெறும் சடங்காக ஓதினார்கள்.

கடைசியில் என்ன நடந்தது என்று வரலாற்றையும் பாருங்கள். விசாரணை நடந்தது. பறங்-குஜங் தலைவரும் சில கீழ்நிலைத் தலைவர்களும் நீக்கப்பட்டார்கள். ரீஜன்ட் பதவியில் நீடித்தார். எழுதினவன் வீட்டுக்குப் போனான். ஹவெலார் பொய் சொல்லவில்லை என்பதற்கு அரசின் சொந்த விசாரணையே சாட்சி.


டென்ஹாக் களுவாஞ்சி

நான் பல வருசமாக ஒல்லாந்தில் இருக்கிறேன், சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி. ஆம்ஸ்டர்டாமில் டோரன்ஸ்லௌஸ் பாலத்தில் முல்டாடூலியின் சிலை நிற்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் அவர் பெயர் தெரியும். மூல மொழியில் வாசித்தவன் என்பதால் சேர்க்க இரண்டு விசயம் உண்டு.

முதலாவது, புத்தகமும் ஒரு பெட்டிசம் போலவே நடத்தப்பட்டது. கையெழுத்துப் பிரதியைப் பதிப்பித்துக் கொடுத்தவர் வான் லென்னெப் என்ற பெரிய எழுத்தாளர். உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார். ஊர்ப் பெயர்களையும் திகதிகளையும் எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தார். சாதாரண ஆட்கள் வாங்க முடியாத விலைக்குப் போட்டார்கள். டெக்கர் வழக்குப் போட்டும் உரிமை திரும்பவில்லை. 1875ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவர் கையால் திருத்தி லெபாக்கை லெபாக் என்று அச்சில் பார்க்க முடிந்தது. இலக்கமும் திகதியும் இல்லாத கடிதத்துக்கு என்ன பெறுமதி என்று கச்சேரி ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, மாணவத் தம்பிக்கு. அரசனிடம் கேட்கிற அந்தக் கடைசிப் பக்கங்களைத் திரும்ப வாசியுங்கள். அரசனுக்கு முன்னால் வேறொன்றும் சொல்கிறார். என் சொல் இங்கே ஏறாவிட்டால் இந்தப் புத்தகத்தை மலாய், ஜாவா, சுண்டா மொழிகளில் பெயர்ப்பேன், வாளைத் தீட்டச் சொல்லும் போர்ப் பாட்டுகளை அந்தச் சனங்களுக்குக் கொடுப்பேன் என்கிறார். சட்ட வழியில் முடிந்தால் சட்ட வழி, வேறு வழியில்லை என்றால் வன்முறை என்ற நியாயமான வழி. 1860இல் ஓர் ஒல்லாந்து ஆள் அச்சில் போட்ட வசனம் இது. லம்போங்கில் அடிந்தாவின் சடலம் கிடக்கிற ஊரைப் பற்றி எழுதும்போதும், ஒல்லாந்துப் படை இப்போதுதான் பிடித்த ஊர், ஆதலால் எரிந்துகொண்டிருந்தது என்கிறார். அந்த "ஆதலால்" எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு என்று யோசியுங்கள்.

கதை சொல்கிற கோப்பித் தரகன் ட்ரோக்ஸ்டொப்பலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. லௌரியர்கிராக்ட் 37ஆம் இலக்கத்தில் இருக்கிறவன். பொய் பிடிக்காது, கவிதை பிடிக்காது, ஞாயிறு தவறாமல் தேவாலயம். ஜாவாக்காரர் உழைத்தால்தான் கடவுளிடம் சேருவார்கள் என்று போதகர் பிரசங்கம் செய்ய, அவன் மனநிறைவோடு கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் ஓர் எருமையையும் பறிக்கவில்லை. கோப்பி ஏலத்தில் விலை கேட்கிறான், அவ்வளவுதான். நீங்கள் தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில் அவன். கடைசியில் முல்டாடூலி அவனைக் கோப்பியிலேயே மூச்சடைத்துப் போ என்று துரத்துகிறார்.

இந்தோனேசியாவில் 1976ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பல வருசம் தடைசெய்து வைத்திருந்தார்கள். ஆனால் லெபாக்கின் தலைநகர் ரங்காஸ்பிதுங்கில் 2018இல் முல்டாடூலி பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள். திறந்தது அந்த ஊர் ஆட்கள்.


வந்தாறுமூலை மாணவன்

அண்ணா, அந்தப் பக்கத்தை நான் வாசித்தேன். போர்ப் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர், அதைச் சனங்கள் தாங்களே பாடக்கூடும் என்று நினைக்கவில்லை, நான் கொடுப்பேன் என்கிறார். என் முரண்பாடு அங்கேதான். நாவல் முழுக்க லெபாக் சனங்கள் இரவில் பதுங்கி வந்து சொல்கிறார்கள், பகலில் மறுக்கிறார்கள். அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு பக்கமும் இல்லை. சயிஜாவும் அடிந்தாவும் மட்டும்தான் வாய் திறக்கிறார்கள்.

ஆனால் நெல்வரியைப் பற்றி ஐயா எழுதினது எனக்குப் புதிது. வலப்பனையில் அந்த அதிகாரிக்கு விபரம் சொன்னவர்கள் யார், அவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று தேடப் போகிறேன்.


சம்மாந்துறையான்

தம்பி சொன்னது முக்கியமான விசயம். செய்கைக்காரன் தனக்குள்ளே பேசுவான். களவெட்டியில் போடியார் நிற்கும்போது ஒரு பேச்சு, சூடு காவலுக்கு இரவில் பரணில் இருக்கும்போது வேறு பேச்சு. சட்டத்துக்கும் அப்படித்தான். 1958இல் நெற்காணிச் சட்டம் வந்து, குத்தகைச் செய்கைக்காரனை எழுப்ப முடியாது என்று சொன்னது. அதைக் கேள்விப்பட்ட உடனே காணிக்காரர் சிலர் வாயால் வந்த ஆட்களை வாயாலேயே எழுப்பிவிட்டார்கள். சட்டப்படி உரிமை இருந்தது, அதை எழுதிப் பதிந்த துண்டு ஒருவரிடமும் இருக்கவில்லை. எங்கட மூத்தவாப்பாவும் அதில் ஒருவர். முறைப்பாடு செய்யச் சொன்னார்களாம். யாருக்கு எதிராகச் செய்ய, பெருநாளைக்குப் புடவை தந்த ஆளுக்கா என்று கேட்டாராம்.


நீலாவணை டீச்சர்

நானா, இந்தக் கடைசி வரியை வகுப்பில் சொல்ல அனுமதி தாருங்கள்.

பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுப்பதற்கு 88ஆம் இலக்கக் கடிதத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சயிஜாவின் கதைக்குப் பின்னால் சேர்த்துப் போட்டோக் கொப்பி எடுக்கலாம். டென்ஹாக் தம்பி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தர முடியுமா? கச்சேரி ஐயா, ஒரு பின்னேரம் பள்ளிக்கு வந்து, "அறிக்கைக்காக" என்று எழுதின கடதாசி எப்படிப் போய் எப்படித் திரும்புகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீர்களா? கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை முன்வரிசையில்தான் இருப்பாள்.


பழைய கச்சேரி

கட்டாயம் வருகிறேன் டீச்சர். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் எனக்கு வசதி. ஒரு பழைய பைல் உறையும் கொண்டுவருகிறேன், உள்ளே வெறுங்கடதாசி வைத்து மேசைக்கு மேசை பிள்ளைகளையே அனுப்பிக் காட்டலாம். பெட்டிசத்தை எப்படி எழுத வேண்டும், பிரதியை யாருக்கெல்லாம் அனுப்ப வேண்டும், பதிவுத் தபால் துண்டை ஏன் பத்திரப்படுத்த வேண்டும் என்பதையும் அன்றைக்கே சொல்லிக் கொடுக்கிறேன்.